பவளப்பாறை வைக்கிற மொய்

இங்கிட்டுத் தள்ளி உக்காரு தங்கச்சி, அந்தப் பக்கம் வழி பூராம் வெயிலு மூஞ்சியிலேயே அடிக்கும். நான் அடிக்கடி போற பஸ்சு, எனக்குத் தெரியாதா? என் பையா? அது என் மடியிலயே இருக்கட்டும். இதை யாரு கையிலயும் குடுக்க மாட்டேன்.

என்ன அப்படிப் பாக்குற? மைக்குத்தான். வயரைப் புடுங்கிட்டு வந்த மைக்கு. செட்டு மொத்தத்தையும் இப்பத்தான் ராம்நாட்டுல ஒருத்தன்கிட்ட வித்துட்டு வாறேன். ஆம்ப்ளிபயரு, பாக்ஸு, கொழாய் ஸ்பீக்கரு, சீரியல் லைட்டு எல்லாம் போச்சு. மைக்கையும் சேத்துக் குடுன்னான். போடா, அது என் வாயி, வாயை எவளாவது விப்பாளான்னு கேட்டுப் புடுங்கிட்டு வந்துட்டேன்.

நம்புச்செல்வி சவுண்ட் சர்வீஸ், கீழவலசை. கேள்விப்பட்டிருப்பியே. இல்லையா? எந்த ஊரு நீ? மதுரைப் பக்கமா, அதான்.

இன்னைக்குக் காளவாசல் வேலுக்கண்ணு பேத்திக்குக் காதுகுத்து. மெயின் ரோட்டுல மஹாலு, கடா பிரியாணி, வெளியூருலருந்து செட்டு. அவன் வீட்டு விசேசம் அம்புட்டுக்கும் என் கொழாய்தான் பாடுச்சு, இன்னைக்கு என்னையக் கூப்பிடல. கூப்பிடாட்டி என்ன, பத்திரிகை வந்துச்சே. எனக்கு இல்ல. பவளப்பாறைக்கு. சிரிக்காத. மேல 'பவளப்பாறை மையம்'னு பேரெழுதி, நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி, ஆளு விட்டுக் குடுத்துருக்கான். அதுக்குத்தான் போறேன், மொய் வைக்க.

கிறுக்கச்சின்னு நெனைக்காத. மொதல்லருந்து சொன்னா வெளங்கும்.

எங்க ஊருல ஒரு ஐஸ் பேக்டரி ஓடாமக் கெடந்துச்சு. அதுல ரெண்டு ரூம்பை வாடகைக்கு எடுத்து, ஹெப்சிபா மேடம்னு, நாகர்கோயில்க்காரக, கண்ணாடித் தொட்டியா வச்சுப் பவளப்பாறை வளத்தாக. கடலுக்குள்ள பாறை செத்துக்கிட்டு வருதாம். உசிரா இருக்கிற துண்டை எடுத்தாந்து, சிமெண்டுக் கல்லுல கெட்டி வளத்து, திரும்பக் கடல்ல கொண்டுபோய் நடணுமாம். சனிக்கெழமையானா பள்ளிக்கூடத்துப் புள்ளைகளைக் கூப்பிட்டு அதைக் காட்டிப் பாடம் நடத்துவாக. நானும் ஒரு நாளு போய்ப் பாத்தேன். கட்டைவெரல் தண்டி, காலிபிளவரு மாதிரி இருந்துச்சு. "இது உயிருங்க"ன்னாக. "கல்லுக்கு ஏதுங்க உசிரு, எங்க வீட்டுச் செவுரே இந்தக் கல்லுல கெட்டுனதுதான்"னேன். அவுக மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. வீட்டுக்கு வந்து செவுத்துல சாஞ்சா உறுத்துது. முதுகு இல்ல, மனசு.

கடலுக்குள்ளயா? நான் போனதே இல்லம்மா. கடக்கரையில பொறந்தவதான், ஆனா போட்டுல காலை வச்சாலே எனக்குக் கொமட்டும். பாக்காட்டி என்ன? டெல்லியைக் கூடத்தான் பாத்ததில்ல.

ஐஸ் பேக்டரிக்காரன் எடத்தைக் காலி பண்ணுன்னுட்டான். தொட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? நெலையா ஒரு கெட்டடம் வேணும். ஆராய்ச்சிக்கு ஒரு பக்கம், புள்ளைக படிக்க ஒரு பக்கம்னு மேடம் வரைஞ்சு வச்சிருந்தாக. பஞ்சாயத்துல எடம் குடுத்துட்டாக. வெளியூரு டிரஸ்ட்டு ஒண்ணு பாதிக் காசு தாரோம்னு சொல்லுச்சு, ஆனா மீதிப் பாதியை உங்க ஊருச் சனம் போட்டாத்தான் தருவோம்னுட்டாக. எங்க ஊருச் சனமாவது, கல்லுக்குக் காசு போடுறதாவது!

மேடம் பஸ் ஸ்டாண்டுல கண்ணாடி உண்டியல் வச்சாக, மேல கலரா பவளப்பாறை படம். கொஞ்ச நாள் கழிச்சுத் தெறந்தா உள்ள பூராம் பஸ் டிக்கெட்டு. பெறகுதான் என்னைய ஆட்டோவுல அறிவிப்புக்குக் கூப்பிட்டாக. "கடலின் மழைக்காடாம் பவளப்பாறையைக் காத்திட நிதி தாரீர்"னு எழுதிக் குடுத்தாக. நானும் தொண்டை வறள வாசிச்சுக்கிட்டே தெருத்தெருவாப் போறேன், ஒருத்தி வாசலுக்கு வந்து, "என்ன செல்வி, கண் ஆஸ்பத்திரி கேம்ப்பா?"ன்னு கேக்குறா.

அன்னைக்குத்தான் சொன்னேன். "மேடம், எங்க சனம் கேட்டாத் தராது. கூப்பிட்டுச் சோறு போட்டாத் தரும். மொய் விருந்து வைப்போம்."

"மொய்யா? எங்க ஊர்லயும் உண்டு. கவர்ல வச்சுக் குடுப்பாங்க"ன்னாக.

"அதேதாங்க"ன்னேன்.

அது தப்புங்கிறியா? அவுக ஊரு மொய் வேற, எங்க பக்கத்து மொய் வேறதான். இங்க ஒரு வீட்டுல மொய் வாங்கினா, அந்த வீட்டு விசேசத்துக்கு நேர்ல போயி, வாங்கினதுக்கு மேல ஒரு ரூவாயாவது கூட்டி வச்சாகணும். வைக்காத வீட்டுக்குள்ள ஒரு பய காலெடுத்து வைக்க மாட்டான். அதையெல்லாம் படிச்சவுகளுக்கு வெளக்கிக்கிட்டு நின்னா அடுப்புப் பத்துமா? மொதல்ல சோறு வேகட்டும், பெறகு பாத்துக்குவோம்னு விட்டேன். அதுல என் தப்பு ஒண்ணும் இல்ல.

'பவளப்பாறை இல்ல விழா'ன்னு பத்திரிகை அடிச்சேன். ஒரே கேலி. "தாய்மாமன் யாருடி? காது எங்கடி இருக்கு அதுக்கு?" நான் விடுவேனா? மைக்கைப் புடிச்சேன். "அந்தப் பாறைக்குள்ள குஞ்சு பொரிச்சு வளந்த மீனைத்தானடா வலையில அள்ளிட்டு வாரீக! அள்ளித் தின்ன அம்புட்டுப் பேரும் தாய்மாமன்தான், சீரோட வந்து சேருங்க!" வந்தாகம்மா. சுத்துப்பட்டுல இருக்கிற வீடெல்லாம் வந்துச்சு. கறிச்சோறு பத்தாம ரெண்டாவது தடவை உலை வச்சோம். ஒரு ஆளு இருநூறு ரூவா வச்சா, அதை நான் சொல்ற சொல்லுல ரெண்டாயிரம் மாதிரி கேக்கும். அந்த மாதிரி அன்னைக்கு வரைக்கும் நான் பேசுனதில்ல.

அப்பத்தான் வேலுக்கண்ணு வந்தான், வெள்ளை வேட்டி, பின்னாடி நாலு பேரு. ஒரு லட்சம்! நான் மூணு தடவை சொன்னேன். "காளவாசல் வேலுக்கண்ணு அவர்கள், பவளப்பாறைக்கு, ஒரு லட்சம்!" அவன் அப்பன் காலத்துல அந்தப் பவளக்கல்லைத்தான் வெட்டியாந்து, காளவாசல்ல சுட்டு, சுண்ணாம்பா வித்துச் சொத்துச் சேத்தாக. சரி, பய பாவத்தைக் கழிக்கிறான் போலன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. அவன் தூண்டில் போட்டுருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

டிரஸ்ட்டுக் காசும் வந்துச்சு. கெட்டடம் பேஸ்மட்டத்தைத் தாண்டி எழும்பிருச்சு. இப்ப பஸ்சு போறப்பக் காட்டுறேன், பாரு.

மொதப் பத்திரிகை வலைக்கார முனியராசு வீட்டுலருந்து, மக சடங்குக்கு. மேடம் அதைச் செவுத்துல ஒட்டி வச்சு, போன்ல வாழ்த்துச் சொல்லிட்டுச் சும்மா இருந்துட்டாக. மறுவாரம் முனியராசு ஐஸ் பேக்டரி வாசல்ல நிக்கிறான். "சோறு போட்டு மொய் வாங்கின வீடு, என் வீட்டு விசேசத்துக்கு ஏன் வரல? நாங்க என்ன கொறைஞ்சு போயிட்டோம்?"

மேடம் பாவம், "அது நன்கொடைங்க, ரசீது குடுத்தோமே. மையத்துப் பணத்தை எடுத்து மொய் வச்சா ஆடிட்டர் விட மாட்டாருங்க"ங்கிறாக.

"யாரு அந்த ஆடிட்டரு? அவரு வீட்டுக்கு மொய் வராமலா இருக்கு?" இவன் இப்படி நிக்கிறான்.

நான்தான் நடுவுல பூந்தேன். "டேய், மைக்குல உன் பேரைச் சொல்லி வாங்கினது என் வாயி. திருப்பிச் செய்யறதும் என் பாடு. உன் அடுத்த விசேசத்துக்குச் செட்டு இனாம், போ." அன்னையிலருந்து விருந்துக்கு வந்த எந்த வீட்டு விசேசம்னாலும் நான் காசு வாங்கல. கொழாயைக் கெட்டி, பாட்டைப் போட்டு, நடுவுல ஒரு தடவை, "இது பவளப்பாறை வைக்கிற மொய்"னு சொல்லிருவேன். சனம் ஒத்துக்கிருச்சு. வீட்டுலதான் உலை வைக்கக் கஷ்டம். மேடம், புதுக் கெட்டடத்துக் கல்வெட்டுல உங்க பேரைப் போடுறேன்னாக. வேணாம்னுட்டேன். பேருக்கு அலையிறவ நான் இல்ல. பாக்ஸு, கொழாயி, ஆட்டோவுல எல்லாம் என் பேரு பெருசா இருந்துச்சுன்னா அது தொழிலுக்கு.

எங்க வீட்டுக்காரகளா? பூமிநாதன்னு பேரு. கொழாய் கெட்டப் பனைமரம் ஏறுவாக, வயரு இழுப்பாக, அம்புட்டுத்தான். பேச்சுக் கெடையாது. கல்யாணத்தன்னைக்கு எங்கம்மா, "மாப்பிள்ளை ஊமையாடி?"ன்னு காதுல கேட்டுச்சு. இத்தனை கொழாய்க்கு நடுவுல ஒரு மனுசன் எப்படி இம்புட்டுச் சத்தமில்லாம இருக்க முடியும்னு எனக்கு இன்னமும் வெளங்கல. ஒரு யோசனை சொல்ல ஆளில்லம்மா எனக்கு. எல்லாத்துக்கும் நான் ஒத்தை ஆளு.

சரி, வேலுக்கண்ணு கதைக்கு வாறேன். அவன் கரையில ரிசார்ட்டு கெட்டியிருக்கான். அடியில கண்ணாடி வச்ச போட்டு வாங்கி விட்டுருக்கான், வாறவுகளைக் கூட்டிட்டுப் போயி பாறை காட்ட. அந்தப் போட்டு நங்கூரத்தை நேரா பாறை மேலயே எறக்குது. மேடம் நட்டு வளத்தது பூராம் நொறுங்கிக் கெடக்காம். போய்க் கேட்டிருக்காக. அவன் சிரிச்சிருக்கான். "பாறைக்கு ஒரு லட்சம் வச்சவன் நான். என் போட்டு எங்க நிக்கணும்னு எனக்கே சொல்ல வாரீகளா? புதுக் கெட்டடத்துக்கு எங்கப்பா பேரை வைங்க, போட்டைப் பத்திப் பேசாதீக."

மேடம் முடியாதுன்னுட்டாக. அந்த ஒரு விசயத்துல எனக்கு மேடத்தைப் புடிச்சுப்போச்சு. பூஞ்சையா இருந்தாலும் முடியாதுன்னா முடியாதுதான்.

உடனே பத்திரிகை வந்துருச்சு. நான் செட்டைப் போட்டு மொய்யைக் கழிச்சுரக் கூடாதுன்னுதான் வெளியூருச் செட்டு. கொண்டுவந்தவன் சொல்றான், "அண்ணன் வச்ச மொய்யைக் காதுகுத்துக்கு எல்லாரும் கேக்க மைக்குல திருப்பி வைக்கணுமாம். இல்லாட்டி மொய் திரும்பாத வீடுன்னு அண்ணனே மைக்குல சொல்லுவாராம்." சொல்லிட்டா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு ஒரு போட்டுக்காரன் மேடத்தை ஏத்த மாட்டான். ஒரு புள்ளை சனிக்கெழமை அந்த வாசலை மிதிக்காது. கெட்டடம் இருக்கும், உள்ள யாரும் இருக்க மாட்டாக. ஒரே ஒரு பேச்சுல அம்புட்டையும் அமுக்கிப் போடலாம்னு பாக்குறான்.

மேடம் தன் சம்பளத்தைத் தாரேன்னாக. "நீங்க வச்சா அது உங்க மொய்யி. மையத்துக்கு வாங்கினது என் வாயி, நான் வைக்கிறேன்"னுட்டேன். வீட்டுல சொன்னேன், செட்டை விக்கப் போறேன்னு. எங்க வீட்டுக்காரக கொழாயைத் தொடச்சுக்கிட்டிருந்தாக. "இரு"ன்னாக. அம்புட்டுத்தான், ஒத்தைச் சொல்லு. "என்னத்துக்கு இருக்கணும்? அவன் மைக்குல காறித் துப்புற வரைக்குமா?"ன்னு கத்துனேன். சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனவுகதான். அன்னையிலருந்து காலையில போனா இருட்டித்தான் வாறாக, தட்டுல போட்டதைத் தின்னுட்டு ஒரு வார்த்தை பேசாமப் படுத்துர்றாக. செட்டை விக்கிறேன்னதுல அம்புட்டுக் கோவம். பாறை மேலயும் என் மேலயும் ஒரு பாசமும் கெடையாது. சரி, இருக்கட்டும். யாரு வந்தா என்ன, வராட்டி என்ன!

செட்டு வித்த காசு மொத்தமும் இந்தப் பையிலதான் இருக்கு. ஒரு லட்சம் வராது. ராம்நாட்டுக்காரன் நெலமை தெரிஞ்சு அடிமாட்டு வெலைக்குக் கேட்டான். வராட்டி வராட்டும். உள்ளதை வச்சுட்டு, மிச்சத்தை அடுத்த விசேசத்துக்கு வைக்கிறேன்னு அவன் மைக்கை வாங்கி நானே சொல்லுவேன். மைக்கைத் தர மாட்டானா? கொழாய் இல்லாமலே என் சத்தம் நாலு தெரு கேக்கும். அவன் போட்டு நங்கூரத்தைப் பத்தியும் அந்த மேடையிலேயே சொல்லிட்டு வாறேன். எம்புட்டுப் பேரு இருந்தா எனக்கென்ன.

அந்தா பாரு, எடது கை பக்கம், செங்கல் தெரியுதுல்ல? ஜன்னல் மட்டத்துக்கு வந்துருச்சு. அதான் பவளப்பாறை மையம். நல்லாருக்கா? அந்தப் பெரிய ஓட்டை இருக்கிற எடத்துல தொட்டி வருது, ரோட்டுல போறவுகளுக்கே தெரியிற மாதிரி.

கீழவலசை ஸ்டாப்பு வந்துருச்சு. நான் எறங்கல, மஹாலு அடுத்த ஸ்டாப்பு. நிக்கிற கூட்டத்தைப் பாத்தியா? பூராம் அவன் பிரியாணிக்கு. முனியராசு புது வேட்டியில நிக்கிறான் பாரு. இவன் வீட்டு ரெண்டாவது விசேசத்துக்குச் செட்டு இனாமாப் போட்டேன். கருவாட்டுக்கார மாரிக்கண்ணு, அவ பேரன் பொறந்தநாளுக்கும் இனாம். இப்ப என்னைக் கண்டா தெரியாத மாதிரி ஏறுவாக, பாத்துக்கிட்டே இரு.

என்னடா முனியராசு, என்ன கையை நீட்டுற? டிக்கெட்டா? நான் கண்டக்டரு இல்லடா. என்ன இது, ரூவா நோட்டா?

பவளப்பாறைக்கா?

யாருடா சொன்னா? எந்தப் பூமி அண்ணன்? ஏ மாரிக்கண்ணு, நீ எதுக்குச் சேலை முடிச்சை அவுக்குற? உன்கிட்டயும் வந்தாகளா? எப்ப வந்தாக? வீடு வீடாவா? எங்க வீட்டுக்காரகளா? அந்த மனுசன் வீடு வீடாப் போயி, வாயைத் தெறந்து பேசினாகளா? என்னன்னு பேசினாக? "செல்வி தனியாப் போறா"ன்னா? அம்புட்டுத்தானா? அதைச் சொல்லவா ஊரு ஊராச் சைக்கிளு மிதிச்சாக!

தங்கச்சி, பின்வாசலைப் பாரு. கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாகள்ல, ஒட்டடைக் குச்சி மாதிரி, அவுகதான். பக்கத்துல பட்டுச்சேலை கெட்டி, தாம்பாளத்துல பழம், பூவோட நிக்கிறது மேடம். பாரேன், எங்க பக்கத்து வீட்டுக்காரி மாதிரியே விசேசத்துக்குக் கெளம்பி வந்துருக்காக. ஏங்க! உங்களைத்தான்! வாயைத் தெறந்து என்கிட்டச் சொல்லியிருந்தா நான் செட்டை வித்துருப்பேனா?

என்ன சொல்றாகன்னு கேட்டியா? "அதான் இருன்னேன்"ங்கிறாக. கூட இன்னும் நாலு வார்த்தை போட்டா என்ன கொறைஞ்சா போகும்?

ஆமா, அழுகுறேன். அழுதா என்ன? எவனுக்கும் பயந்து அழுகல. இருபத்தஞ்சு வருசமா பக்கத்துல இருந்தும் அந்த மனுசனை எனக்குத் தெரியாமப் போச்சே, அதுக்கு அழுகுறேன். அம்புட்டு நாளு மைக்கைப் புடிச்சும் நான் கூப்பிட்டுச் சேக்காத கூட்டத்தை, சத்தமே இல்லாமச் சேத்துட்டாகளே.

கொஞ்சம் நகரு, நான் சீட்டு மேல ஏறணும். வயரு இல்லாட்டி என்ன, மைக்கைக் கையில புடிச்சாத்தான் எனக்குப் பேச்சு வரும். கண்டக்டரு தம்பி, அந்தப் பாட்டை நிறுத்துப்பா! டிரைவரண்ணே, மெதுவாப் போங்க, மஹாலு வாறதுக்குள்ள முடிக்கணும்!

காசை எண்ணாதீக. யாரும் எண்ணாதீக. இன்னைக்குத் தொகை சொல்ல மாட்டேன், பேரைத்தான் சொல்லுவேன். கீழவலசை முனியராசு, பவளப்பாறைக்கு மொய்! கீழவலசை மாரிக்கண்ணு, பவளப்பாறைக்கு மொய்! நாகர்கோயில் ஹெப்சிபா மேடம், அவுக சொந்தப் பேருல, பவளப்பாறைக்கு மொய்! கீழவலசை பூமிநாதன், பவளப்பாறைக்கு மொய்! ஏங்க, இன்னும் சத்தமா வேணுமா? பின்னாடி கேக்குதா?

இத்தனை பேருக்கும் நான் மறுபடியும் திருப்பிச் செய்யணும், தெரியும். செட்டும் இல்ல. கெடக்கட்டும், வெறும் வாயாலயே வந்து உங்க வீட்டு விசேசம் அம்புட்டுலயும் பாடுறேன்! வேலுக்கண்ணு காதுல விழுற மாதிரி அடுத்த பேரைச் சொல்லுங்க!

என்ன தங்கச்சி, நீ எதுக்குப் பர்ஸைத் தெறக்குற? உனக்கும் பாறைக்கும் என்ன ஒறவு? சும்மா வாங்க மாட்டேன், சொல்லிட்டேன். மொய்னா அது திரும்பி வரும். பேரு என்ன? ஊரு? மதுரையில எந்தத் தெரு? உங்க வீட்டுல அடுத்து என்ன விசேசம்? உன் கூடப்பொறந்த தங்கச்சிக்கு வளைகாப்பா? தை மாசமா?

நாலு மூலையிலயும் மஞ்சத் தடவிப் பத்திரிகை அனுப்பு. பவளப்பாறை வரும்.